ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்

அன்பு அண்ணனுக்கு,

இந்த வார்த்தையை நான் எழுதிப் பத்தொன்பது வருடமாகிறது. நீ இருந்தவரை வாயில் வரவில்லை. இனி நீ திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று ஆனபிறகு பேனாவில் வருகிறது. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் பிக்கப் வண்டி ஓடுகிறது. பஞ்சு மில் ஏலத்தில் அப்பா எடுத்து வந்த அதே பச்சை வண்டிதான். மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியபோது ஒரு உலுக்கு உலுக்கியது, பின்னால் கன்னங்கரேலென்று புகை விட்டது, பிறகு கரகரவென்று பிடித்துக்கொண்டது. உன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மதினி வெளியே வந்து பார்த்தாள். "சத்தத்த அமத்துங்க தம்பி, அடைக்கு உக்காந்த கோழி பதறுது" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு.

இதை நீ மட்டும் படிப்பதாயிருந்தால் மேற்கொண்டு இரண்டு பக்கத்தை விட்டுவிடலாம். நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது பத்தொன்பது வருடத்துக்கு முந்திய சித்திரை மாதம். நான் தற்காலிகமாகப் பாடம் நடத்திய கல்லூரியின் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். உள்ளங்காலில் கருவேலமுள் ஏறி, கால் வீங்கி, நீ கட்டுப்போட்டுக் கிடந்தாய். களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்து மூட்டை பிடித்தாயிற்று. மேற்கே மேகம் திரண்டிருந்தது. நாகலாபுரத்துப் பக்கம் கோடை மழை வந்தால் உனக்குத் தெரியுமே, கரிசல் மண் டயரைப் பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. "நீயே ஓட்டிட்டுப் போ, கோவில்பட்டியில போய் எறக்கிட்டு வந்திரு" என்று சாவியைத் தூக்கிப் போட்டாய். நான் ஓட்டிக்கொண்டு போனேன். பாதி வழி தாண்டியபின் என்ஜின் பிடித்துக்கொண்டது. நான்கு பிஸ்டனும் உள்ளே ஒட்டிக்கொண்டு அசையவில்லை.

மத்தியானம் நீ யாருடைய மொபெட்டிலோ பின்னால் உட்கார்ந்து வந்தாய். ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றாமல் நொண்டி நொண்டி வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தாய்.

"தண்ணி கொதிச்ச ஒடனே நிப்பாட்டலையா?"

"நிப்பாட்டினேன்."

"ஒடனேயா?"

"ஒடனே."

"அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பானெட்டை மூடினாய். வத்தலை டிராக்டரில் மாற்றி அனுப்பினோம். அதற்குள் தூறல் விழுந்துவிட்டது.

அத்துடன் முடிந்திருக்கும். அந்த வைகாசியிலேயே ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நாற்பது பேருக்கு நடுவில் நீ சொன்னாய்: "எங்க வீட்டு வாத்தியாரு காலேஜுல சூட்டைப் பத்திதான் பாடம் நடத்துதாரு. சூட்டு மீட்டர் முள்ளு செவப்புல போய் நிக்கது மட்டும் அவருக்குத் தெரியாது." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். இலை போட்டார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து பஸ் ஏறினேன். அன்றிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை.

அம்மா சாவுக்கு ஒரே பந்தலில் நின்றோம். பேசவில்லை. உன் மகள் சடங்குக்குப் பத்திரிகை வந்தது, என் மனைவியை மட்டும் அனுப்பினேன். நீ மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள்தான் இரண்டு தடவை வந்து பார்த்தாள். வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோபத்தைக் கெடாமல் வைத்திருக்க எனக்குத் தெரியும். அந்தக் கலையில் நான் கொஞ்சம் தேர்ந்தவன். இருபத்து மூன்று வருடமாக வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இன்றுவரை நான் காலை வணக்கம் சொன்னதில்லை.

நீ இறந்த நாலாவது மாதம் மதினி போன் செய்தாள்.

"தம்பி, பழைய இரும்பு எடுக்கவங்க வந்திருக்காவ. கொட்டகையில ஓடாமக் கெடக்க அந்த வண்டிய எடைக்குக் கேக்காவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுத்துருதேன்."

"குடுக்காதீங்க மதினி. நான் எடுத்துக்கிடுதேன்."

"நீங்களா? எதுக்கு?"

"ரிப்பேர் பாக்கப் போறேன்."

"சரி தம்பி" என்று போனை வைத்தாள். அவள் என்ன நினைத்திருப்பாள்? தம்பிக்குப் பாசம் திரும்பிவிட்டது என்றுதானே? இல்லை அண்ணே. எனக்கு வேண்டியிருந்தது பிரேதப் பரிசோதனை. என்ஜினைப் பிரித்தால் சாவுக்குக் காரணம் என்னவென்று தெரிந்துவிடும். எண்ணெய் வற்றியதா, தண்ணீர் போனதா, பம்பு கெட்டதா, என்னமோ ஒன்று உன் கவனக்குறைவால் நடந்திருக்கும், அதை எடுத்து உன் முதல் வருடத் திவசத்தில் சொந்தபந்தம் கூடியிருக்கும்போது எல்லார் முன்னிலையிலும் வைத்து "இதோ பாருங்கள், வண்டியைக் கொன்றது நானில்லை" என்று சொல்ல வேண்டும். நாற்பது பேர் நடுவில் போன மானம் நாற்பது பேர் நடுவில்தான் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் எடுத்தேன்.

வண்டியைச் சங்கிலி போட்டு டிராக்டரில் இழுத்துக்கொண்டு, எட்டயபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் சண்முகவேல் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் விட்டேன். வெற்றிலை போடாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்கிலும் மீட்டர் போர்டிலும் சந்தனமும் குங்குமமும் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பி, விரல் தடிமனுக்குக் கெட்டிப்பட்டுக் கிடந்தது.

"என்ன சார் இது? ஓடாத வண்டிக்கு இத்தனை ஆயுத பூஜையா?"

"எங்க அண்ணன் வேலை."

"உங்க அண்ணனுக்கு வண்டி மேல அம்புட்டுப் பிரியமோ?"

"தெரியாது."

"எப்படிப் பிடிச்சுது என்ஜினு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "வேணாம் சார், நீங்க சொல்லாதீய. டாக்டர்ட்டயும் மெக்கானிக்குட்டயும் உள்ளதச் சொன்னவன் எவன் இருக்கான்? நான் பிரிச்சே பாத்துக்கிடுதேன்."

விடுமுறை நாளெல்லாம் அங்கேயே கிடந்தேன். ரேடியேட்டரைத்தான் முதலில் இறக்கினார். மேல்தொட்டியைப் பிரித்தபோது உள்ளே குழாய்களின் வாயே தெரியவில்லை. காய்ந்த சேறு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. நம் ஊர் உப்புத் தண்ணீரின் கசடு என்று நினைத்தேன். அண்ணாச்சி ஒரு கட்டியைப் பெயர்த்து விரலால் நெரித்தார். வெளியே துருவின் நிறம். உடைத்தால் உள்ளே மங்கிய மஞ்சள்.

மோந்து பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். அந்தத் தூளைத் துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, நகத்தால் சுண்ணாம்பைத் தொட்டு அதில் தேய்த்தார். உள்ளங்கையில் அது மெல்லச் சிவந்தது, ஆரத்தித் தட்டில் சிவக்கிற மாதிரி.

"மஞ்சத்தூளு சார். ரேடியேட்டரு ஒழுகியிருக்கு. எவனோ லாரிக்காரன் யோசனை சொல்லியிருக்கான். பத்தாயிரம் டிரைவரு செய்யுத காரியந்தான் இது, ஒரு பிடி மஞ்சளப் போட்டா ஓட்டைய அடைச்சுக்கிடும். அடுத்த ஊரு போய்ச் சேரலாம். சேந்தவுடனே அலசி எடுத்திரணும். எடுக்காம அதோடயே ஓட்டுனா எல்லாக் குழாயும் அடைச்சு, தண்ணி சுத்தாது. அப்புறம் எம்புட்டு நல்லா ஓட்டினாலும் கொதிக்கத்தான் செய்யும்."

எம்புட்டு நல்லா ஓட்டினாலும்! அண்ணே, அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். என் கல்யாணத்தன்று கூட அப்படி இருந்ததில்லை. நீ மஞ்சளைப் போட்டிருக்கிறாய். போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியைத் தூக்கி என்னிடம் போட்டிருக்கிறாய். அந்தக் கட்டிகளைப் பொறுக்கி ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு மூடினேன். வீட்டில் புத்தக அலமாரியில் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "இது என்ன கருமம்?" என்றாள். "சாட்சி" என்றேன்.

நீ மறந்துவிட்டாயா, மறைத்துவிட்டாயா? பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எந்தப் பதில் சொன்னாலும் அதற்கு மறுபதில் தயாராக வைத்திருந்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரேடியேட்டர் போதுமே எனக்கு. ஆனால் மதினியிடம் ரிப்பேர் என்று சொல்லித் தொலைத்திருந்தேன். அண்ணாச்சியும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. என்ஜின் தலை என்கிற மேல்மூடியைக் கழற்றி வைத்தார். நான்கு பிஸ்டன் தலைமீதும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். மூன்று வாரம். ஒவ்வொரு ஞாயிறும் நான் போவேன், அவர் கட்டையை வைத்து மெல்லத் தட்டிப் பார்ப்பார், "இன்னும் மனசு வரலை அதுக்கு" என்று மறுபடி ஊற்றுவார். நாலாவது ஞாயிறு முதல் பிஸ்டன் ஒரு முடி அளவு அசைந்தது. சாயங்காலத்துக்குள் நான்கையும் வெளியே எடுத்துவிட்டார்.

சாக்கை விரித்து அதில் வரிசையாக வைத்தார். பிஸ்டன்களின் பக்கமெல்லாம் சிராய்த்து, அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது. அவை ஓடுகிற லைனர் குழாய்களில் மேலிருந்து கீழாக ஆணியால் கீறினதுபோல் கோடு கோடாக. என்ஜின் தலையின் அடிப்பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துக் காட்டினார். தலை அவ்வளவு வளைந்திருந்தது, ஸ்கேலுக்கும் அதற்கும் நடுவில் தெருவே தெரிந்தது.

"இங்க பாருங்க சார். கொதிச்ச ஒடனே நிப்பாட்டியிருந்தா கேஸ்கெட்டு போயிருக்கும். மிஞ்சிப் போனா தலை லேசா வளைஞ்சிருக்கும். அது ரெண்டு நாள் வேலை. இது அப்படி இல்ல. தண்ணி பூராவும் ஆவியாப் போன பெறகும் மூணு நாலு மைலு மிதிச்சிருக்கான். லோடோட மிதிச்சிருக்கான். முள்ளு செவப்புல கெடக்கு, முன்னால ஆவி அடிக்கி, சத்தம் மாறுது, அதுக்கும் நிப்பாட்டல. எவன் சார் அந்தப் படுபாவி? கண்ணு தெரியாதவனா, இல்ல வண்டிக்காரன் மேல எதுவும் பகையா?"

நான் பிஸ்டனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டீ சொல்லட்டுமா அண்ணாச்சி?" என்றேன்.

நான் நிறுத்தவில்லை அண்ணே.

முள் ஏறியதைப் பார்த்தேன். சிவப்பைத் தொட்டபோது பார்த்தேன். மாணவர்களுக்கு வரைந்து காட்டுகிறவன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. காலை எடுக்கத்தான் போனேன். எதிரே ஊர் வந்துவிட்டது. எந்த ஊர் என்று உனக்குத் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் நீயும் நானும் பெண் பார்க்கப் போன ஊர். காப்பி குடித்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் சொல்லியனுப்பினார்கள், நிரந்தரமில்லாத வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசனையாக இருக்கிறதென்று. அந்த வீடு ரோட்டின் மேலேயே இருந்தது. வாசல் வேப்பமரத்தடியில் நாலு ஆண்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் அந்தப் பெண்ணின் தகப்பனாரும் இருந்தார்.

வத்தல் மூட்டைகளோடு, புகை கக்கிக்கொண்டு, அவர்கள் வாசலில் போய் நான் நிற்பதா? "ஒரு குடம் தண்ணி தாங்க" என்று அவரிடம் கேட்பதா? மிதித்தேன். ஊர் தாண்டட்டும் என்று மிதித்தேன். தாண்டியபிறகு பின்னால் பைக்கில் ஒருவன் அந்த ஊர்க்காரன் மாதிரி தெரிந்தான், அவன் திரும்பும்வரை மிதித்தேன். அப்புறம் வண்டி தானாகவே நின்றது.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது பொய் சொன்னது அல்ல. நானே அதை நம்பியது. ஒரு வருடம் கழித்து யாராவது கேட்டால் "உடனே நிறுத்தினேன்" என்று என் வாய் சொல்லும், என் கண்ணுக்கு நான் ரோட்டோரம் வண்டியை நிறுத்துவது தெரியும். மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். அம்மா பாடையைத் தூக்கியபோது நான் இரண்டடி பின்னால் போனேன், பக்கத்திலிருந்த மாமா என்னைத் தாங்கினார். துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். மதினி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் உளுந்து பரவாயில்லை, கடைசி மழை ஒன்று கைகொடுத்தது. பாட்டிலை அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்னன்னு தெரியுதா மதினி?"

பார்த்தாள். சுளகைக் கீழே வைக்கவில்லை.

"வண்டில இருந்ததா?"

"ரேடியேட்டர்ல."

"அஞ்சறைப் பெட்டில இருந்து அள்ளிக் குடுத்தது நான்தான். ஒழுகுதுன்னு உங்க அண்ணன் கேட்டாவ. ஒரு பிடிதான் குடுத்தேன். பத்தாதுன்னு இன்னொரு பிடி வாங்கிட்டுப் போனாவ."

இதற்குத்தான் ஐந்து மாதம் அலைந்தேன். இதைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அது வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"நான் நிப்பாட்டல மதினி. கொதிச்ச பிறகும் ஓட்டினேன்."

அவள் இரண்டு தட்டு புடைத்தாள். சொத்தை உளுந்து முன்னால் விழுந்தது.

"அது எங்களுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு அன்னைக்கே தெரியும். பானெட்டத் தூக்கின ஒடனே தெரிஞ்சிட்டாம். பெயிண்டே கருகிப் போயி இருந்துச்சாம். எனக்கு அன்னைக்கு ராத்திரி சொன்னாவ."

"மஞ்சள் விஷயம்?"

"அது ஒரு மாசம் கழிச்சு. ரேடியேட்டர் மூடியத் திறந்து குச்சிய விட்டுப் பாத்திருக்காவ. வந்து இதே எடத்துல உக்காந்தாவ. 'தப்பு எம்மேலயும் இருக்குட்டி'ன்னாவ. 'அப்பம் போயி தம்பிட்டச் சொல்லுங்க'ன்னேன். 'அவன் அம்மா மேல பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கான். மொதல்ல அவன் வந்து ஒத்துக்கிடட்டும். அடுத்த நிமிசம் நான் ஒத்துக்கிடுதேன்'னுட்டாவ."

"பத்தொன்பது வருசமாவா?"

"பத்தொன்பது வருசமாத்தான். இரும்புக்காரங்க எத்தனை மட்டம் வந்து கேட்டிருக்காவ தெரியுமா? 'கெடக்கட்டும், அவன் வந்தா பிரிச்சுக் காட்டணும்'பாவ. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கையில எல்லாம், 'இந்த வருசம் வருவான் பாரு'ன்னு சொல்லிக்கிட்டே வைப்பாவ."

அண்ணே, நீயும் சாட்சிக்காகத்தான் அதை வைத்திருந்தாயா? ஒரே என்ஜினை நீ கொட்டகையிலும் நான் மனசிலுமாகப் பூட்டி வைத்திருந்தோமா? உனக்கு எதிரான சாட்சியும் அதற்குள்தான் இருந்தது. அது தெரிந்தும் நீ அதைப் போட்டுவிடவில்லை. இதை நான் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்?

மதினிமேல் கோபம் வந்தது. எனக்கு யார்மேலாவது வந்தாக வேண்டும்.

"நீங்களாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நல்லாச் சொன்னீய! ஒரு மட்டம் 'நீங்களே மொதல்ல போனா என்ன'ன்னு உங்க அண்ணன்கிட்டச் சொன்னேன். ரெண்டு நாளு சோறு திங்கல. உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா நீங்க எத்தனை நாளு பட்டினி கெடப்பீகளோ? நான் யாருக்குன்னு பொங்க, யாருக்குன்னு வடிக்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். உன் சாவுக்குப்பின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உளுந்துத் தூசி" என்றாள்.

எழுந்திருக்கும்போது சொன்னேன்: "திவசத்தன்னைக்கு எல்லார் முன்னாலயும் நான் செஞ்சதச் சொல்லப் போறேன் மதினி. மஞ்சளை விட்டுருதேன். அண்ணன் பேரு எதுக்கு?"

"ஏன் விடணும்? செத்துப்போனா சாமியாயிருவாவளா? ரெண்டையுஞ் சொல்லுங்க, எழுதுனாலும் ரெண்டையும் எழுதுங்க." சுளகைத் தட்டிக் கவிழ்த்தாள். "ஆனா உங்களுது மொதல்ல."

திவசத்துக்குள் அண்ணாச்சி ராப்பகலாக வேலை பார்த்துவிட்டார். புது லைனர் இறக்கி, புதுப் பிஸ்டன் போட்டு, தலையை லேத்தில் கொடுத்து மட்டம் எடுத்து வாங்கினார். அவரிடமும் சொன்னேன். "அண்ணாச்சி, அந்தப் படுபாவி நான்தான்." அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அன்னைக்கு டீ சொல்லுதேன்னு கெளம்பினீயள்லா, அப்பமே தெரியும் சார்" என்றார்.

திவசத்தன்று சாமி கும்பிட்டு, பந்தி முடிந்து, எல்லாரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். சொன்னேன். முள்ளைப் பார்த்ததும், நிறுத்தாததும், அந்த ஊரும், அம்மா மேல் செய்த சத்தியமும். சொல்லி முடித்தேன். பிறகு ஓட்டப்பிடாரம் மாமாதான் வாயைத் திறந்தார்.

"ஏலே, இதுக்காலே ரெண்டு பேரும் பேசாம இருந்தீய? நாங்க வரப்புத் தகராறுன்னுல்லா நெனச்சோம்!"

"எந்த வண்டி?" என்றார் இன்னொருவர்.

"கல்யாண வீட்டுல அண்ணன் சொன்னத நீங்க எல்லாரும் கேட்டுச் சிரிச்சீங்களே மாமா" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"எந்தக் கல்யாணம்லே?"

நாற்பது பேர். பத்தொன்பது வருடமாக எந்த விசேஷ வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த நாற்பது பேரும் அதையே நினைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பதாக நம்பியிருந்தேன். ஒருவருக்கும் நினைவில்லை. அந்தச் சிரிப்பை நினைவில் வைத்திருந்தது உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவன் படமாகச் சுவரில் இருந்தான். மதினி அப்போது கதவோரம் நின்றபடி மஞ்சள் விஷயத்தைச் சொன்னாள். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். உன்னைப் பார்த்து, பிரியமாக. நானும் சிரித்தேன் அண்ணே, கொஞ்சம் பலமாகவே சிரித்தேன்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். நீ இறந்த அன்று நீர்மாலை எடுக்கக் கூப்பிட்டார்கள். கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். நான் தெருமுனையில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். உன் கடைசிக் குளிப்புக்கு மதினியின் தம்பி போய்க் குடம் எடுத்து வந்தார். தலையில் குடத்தோடு, ஈர வேட்டியோடு என்னைத் தாண்டிப் போனார். வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். எந்தப் பட்டறையிலும் இதைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்க்கவுமில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் நீ நம்பமாட்டாய், எழுதவும் மாட்டேன். ஊர் மறந்தாலும், அந்தக் கல்யாண வீட்டில் நீ சிரித்தது எனக்கு இன்னும் எரிகிறது. தப்பு உன்மேலும் உண்டு என்று தெரிந்தபிறகும் பதினெட்டே முக்கால் வருடம் உட்கார்ந்தே இருந்தாயே, அதுவும் எரிகிறது. நான் இருக்கும் கோவில்பட்டி எவ்வளவு தூரம்? ஒரு பஸ். நான் வரவில்லை, சரி. நீ மூத்தவன் இல்லையா? பார்த்தாயா, எழுத எழுத மறுபடி ஏறுகிறது.

அதனால் உன்னை மன்னித்துவிடுவதாக வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிறேன். இனி உன்மேல் எனக்குக் கோபம் வந்தால், என் வீட்டில் உட்கார்ந்து கோபப்படமாட்டேன். உன் வீட்டுக்கு வந்து, உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மதினி காது கேட்க உன்னைத் திட்டிவிட்டு, அவள் போடுவதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவன்,
சுந்தரம்